முதுகில் போட்ட ஒட்டு

கண்காட்சிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. வேறொரு நகரத்து அருங்காட்சியகம் இரவல் கொடுத்த ஐந்து பழைய வரைபடங்கள் அன்று காலையில்தான் நூலகத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. சுவரில் மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் பார்த்து, எங்கே கறை, எங்கே கிழிசல், எங்கே மடிப்பு என்று எழுதி வைக்க வேண்டும். திருப்பி அனுப்பும்போது, இந்தக் கிழிசல் உங்களால் வந்தது என்று யாரும் வம்புக்கு வந்துவிடக் கூடாதல்லவா? அந்த வேலை கீழ்த்தளத்தில் இருந்த பழுதுபார்க்கும் கூடத்துக்கு உரியது. கூடம் கோந்துவின் பொறுப்பில் இருந்தது.

கோந்து என்பது அக்கா வைத்த பெயர். சின்ன வயதில் அக்கா எங்கே போனாலும் அவளும் ஒட்டிக்கொண்டு போவாள். கடைக்கு, சிநேகிதிகள் வீட்டுக்கு, ஒருமுறை அக்காவின் பரீட்சை அறை வாசல் வரைக்கும். "இது தங்கச்சி இல்ல, கோந்து" என்று அக்கா அலுத்துக்கொண்டது அப்படியே நிலைத்துவிட்டது. பிற்பாடு அவள் பழைய தாள்களை ஒட்டிச் சரிசெய்யும் வேலைக்கே வந்து சேர்ந்தபோது, பெயர் வைத்தவள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் என்று எல்லோரும் சிரித்தார்கள். கூடத்தில் அவளுக்குத் துணையாக இருந்த பைண்டர்கூட கோந்தம்மா என்றுதான் கூப்பிடுவார். அவள் உபயோகித்ததோ கோந்தே அல்ல, மாவைக் காய்ச்சி மூன்று தடவை வடிகட்டிய பசை. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

மூன்றாவதாக அவள் கையில் எடுத்தது ஒரு துறைமுகத்தின் வரைபடம். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டது, இருநூற்றைம்பது வருஷப் பழசு. கரையோரம் முழுக்கக் கையால் தீட்டிய மங்கின பச்சை. கடலுக்குள் ஆழத்தைக் குறிக்கும் பொடிப்பொடி எண்கள். வந்த பட்டியலில் இது கிடையாது. பட்டியலில் இருந்த படத்தின் சட்டம் கடைசி நேரத்தில் உடைந்துபோனதால் பதிலுக்கு இதை அனுப்பியிருப்பதாகக் கூடவே ஒரு கடிதம் இருந்தது. முன்பக்கம் சுத்தமாக இருந்தது. துறைமுகப் படங்கள் எத்தனையோ பார்த்தாகிவிட்டது, இதுவும் அழகான படம்தான் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் ஏந்தி, கவிழ்த்து வைத்தாள்.

முதுகில் ஒரு ஒட்டு இருந்தது.

கீழ் விளிம்பிலிருந்து ஏறிய கிழிசல், பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து கோழிக்கால் போலப் போயிருந்தது. அதன்மேல் மெல்லிய நார்த்தாளைக் கத்தரிக்கோல் படாமல் கையால் கிழித்து, ஓரத்து நார்கள் தாளோடு தாளாகக் கரைந்துபோகும்படி ஒட்டியிருந்தார்கள். கிளை பிரியும் இடத்தில் மட்டும், திரும்பவும் அங்கிருந்து கிழியாமல் இருக்க, நகக்கண் அளவுக்கு இன்னொரு துண்டு குறுக்கே போட்டிருந்தது.

அப்படிக் குறுக்குத் துண்டு போடுகிறவர்கள் அதிகம் பேர் இல்லை. அது வேண்டாத வேலை என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே திட்டியிருக்கிறார். அவள் விட்டதில்லை. தன் தையலைத் தானே கண்டுகொள்கிற தையல்காரி போல, அது தன் கைதான் என்று கோந்துவுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. எந்த வாரம் என்பதுகூட ஞாபகம் வந்தது. மகளுக்கு அம்மை போட்டிருந்த வாரம். லீவு போட்டவளை அக்காதான் தினம் அரை நாளாவது வந்துவிட்டுப் போ என்று கூப்பிட்டாள். மகள் பக்கத்தில் தான் உட்கார்ந்துகொள்வதாகச் சொல்லி அப்படியே உட்கார்ந்தும் இருந்தாள்.

அக்கா அதே நூலகத்தில் வரைபடப் பிரிவின் தலைவி. மூன்றாம் மாடி முழுக்க அவள் ஆட்சி. அப்பா போனபோது அக்காவுக்கு இருபத்திரண்டு, கோந்துவுக்குப் பன்னிரண்டு. அதன்பிறகு அம்மாவும் அதிக நாள் இருக்கவில்லை. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கையைப் படிக்க வைத்தாள், வேலைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள், கட்டிக் கொடுத்தாள். அந்தப் புருஷன் ஐந்து வருஷத்துக்கு முன்னால் வேறு ஒரு குடும்பத்தைத் தேடிக்கொண்டு போனபோது, மாடி வீடு ஒன்றை வாங்கித் தான் கீழே இருந்துகொண்டு, தங்கையையும் மகளையும் மேலே குடிவைத்தாள். அக்கா சொல்லி அவள் ஏன் என்று கேட்டதே கிடையாது. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் கிடையாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அக்கா ஒருநாள் ஒரு தாளோடு கீழே வந்தாள். நூலகத்தில் சில பழைய வரைபடப் புத்தகங்கள் இரண்டு பிரதி இருக்கின்றன என்றும், அதில் சிதைந்துபோன பிரதியின் தாள்களை மற்ற நூலகங்களோடு மாற்றிக்கொள்ளப் போவதாகவும், கமிட்டி ஒத்துக்கொண்டாகிவிட்டது, உத்தரவுக் காகிதம் பின்னால் வரும் என்றும் சொன்னாள். கிழிசலைச் சரிசெய்து, நூலகத்தின் ஊதா முத்திரையையும் எடுத்துவிட வேண்டும். கோந்து அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லத்தான் செய்தாள். வெளியே போகிற தாளில் முத்திரையை அழிப்பதில்லை, அதன்மேல் 'நீக்கப்பட்டது' என்று இன்னொரு முத்திரை குத்துவதுதான் முறை. அக்கா தாளைத் திருப்பிக் காட்டினாள். ஊதா மை மறுபக்கம் வரைக்கும் ஊறிக் கடலில் ஒரு கறையாக இறங்கியிருந்தது. இந்த மை இன்னும் பத்து வருஷத்தில் படத்தையே தின்றுவிடும், உனக்குத் தெரியாததா என்றாள். அது உண்மைதான். அதனால் கோந்து, அடியிலிருந்து ஈரத்தை இழுக்கும் உறிஞ்சு மேசையில் ஒற்றுத்தாளை விரித்து, சொட்டுச் சொட்டாகக் கரைப்பானை விட்டு, இரண்டு நாளில் அந்த ஊதாவை இழுத்து எடுத்தாள். நல்ல வேலை செய்த திருப்தியில் அன்று தூங்கினாள்.

அதற்குப் பிறகும் இதே மாதிரி தாள்கள் வந்துகொண்டிருந்தன. முதலில் வந்த அந்தத் துறைமுகப் படம் எங்கே போயிற்று என்று பிறகு யோசித்ததில்லை. மாற்றிக்கொண்டிருப்பார்கள். அப்படியானால் அது இந்த அருங்காட்சியகத்துக்கு நேரே போயிருக்க வேண்டும். ஆனால் கூட வந்த காகிதத்தில் தெளிவாக எழுதியிருந்தது: ஒரு வியாபாரியிடம் விலைக்கு வாங்கியது.

பைண்டர் டீ குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து அவள் திரையை இழுத்து விட்டாள். புற ஊதா விளக்கைப் போட்டுத் தாளை அதன்கீழ் நகர்த்தினாள். வெறும் கண்ணுக்கு ஒன்றுமில்லாத மூலையில், நீள்வட்டமாக ஒரு நிழல் எழும்பி வந்தது. உள்ளே நூலகத்தின் பெயர், எழுத்து எழுத்தாக.

மறுநாள் அக்கா ஒரு கூட்டத்துக்குப் போனதும் கோந்து மூன்றாம் மாடிக்கு ஏறினாள். காட்சிப் பெட்டிக்கு அளவெடுக்க வேண்டும் என்று பாதுகாப்பறை உதவியாளரிடம் சொன்னாள். அவளிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. மேடத்தின் தங்கை.

துறைமுகப் படம் சேர்ந்திருந்த வரைபடப் புத்தகம் சாம்பல் நிற அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. பெட்டி அவள் செய்ததுதான். மூடியில் அக்காவின் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'மிக நலிந்த நிலை. எடுக்கக் கூடாது. ஸ்கேன் செய்த படம் பார்க்கவும்.' கீழே ஆதாரமாகக் கோந்துவின் அறிக்கை எண். அவள் எழுதியது என்னவோ, முதுகுத் தையல் தளர்ந்திருக்கிறது, பழுதுபார்க்கும்வரை இரண்டு மாதம் யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்பதுதான். அந்த இரண்டு மாதம் ஆறு வருஷமாகியிருந்தது. எடுக்கக் கூடாது என்று எழுதிய பெட்டியை யார் எடுப்பார்கள்?

மூடியைத் திறந்தாள். புத்தகத்தின் நடுவில் தாள்கள் இல்லை. முதுகை ஒட்டி, விரல் அகலத்துக்கு வெறும் காகித நறுக்குகள் வரிசையாக நின்றன. சவர பிளேடால் ஒரே இழுப்பில் அறுத்த விளிம்பு. இரண்டாவது பிரதி என்று ஒன்று அந்த அலமாரியில் எங்கும் இல்லை. இந்தப் புத்தகம்தான் ஒன்றே ஒன்று.

நறுக்குகளுக்கு முன்னால் இருந்த பக்கத்தின் கீழ் மூலையில் கடுகளவு புழுத்துளை இருந்தது. பின்னால் இருந்த பக்கத்திலும் அதே இடத்தில். புழு வழியில் எதையும் விடாது, நேராகத் துளைத்துக்கொண்டு போகும். துறைமுக வரைபடத்தின் கீழ் மூலையிலும் அதே துளை உண்டு. நேற்றைய அறிக்கையில் அவளே எழுதியிருந்தாள். அளவுகோலை வைத்துப் பார்த்தாள். மில்லிமீட்டர் பிசகவில்லை.

இதே போன்ற சீட்டு ஒட்டிய பெட்டிகள் இன்னும் ஆறு இருந்தன. அவள் ஒன்றை மட்டும் திறந்தாள், உள்ளே அதே நறுக்குகள். மற்றவற்றைத் திறக்கக் கை வரவில்லை.

சாயந்திரம் அவள் மேலே ஏறாமல் நேராக அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள். அக்கா மறுநாளைக்கான உடுப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கோந்து நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஒட்டு, விளக்கு, பெட்டி, நறுக்குகள். முதலில் அக்கா அது வேறு பிரதியாக இருக்கும் என்றாள். புழுத்துளை என்றதும் அந்தப் பேச்சை விட்டாள். இஸ்திரிப்பெட்டி மட்டும் காலரின் மேல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

"எத்தனை பேர் அதைப் பார்க்கறாங்கன்னு நினைக்கற?" என்றாள் கடைசியில். "நான் அந்த மாடிக்கு வந்து முப்பது வருஷம். அந்தப் புத்தகத்தைக் கேட்டு வந்தவங்க மூணு பேர். ஒருத்தன் அதுல எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பினான். இப்ப அது கண்ணாடி போட்டு நாலு பேர் பார்க்கற இடத்துல இருக்கு."

"வித்துட்டேன்னு சொல்லுக்கா."

"வித்தேன். டைரக்டர் நாற்காலி எனக்கு வரணும். நேத்து வந்தவனுக்குக் குடுத்தாங்க. என்ன மரியாதை இருந்துச்சு எனக்கு அங்க? நீ குடியிருக்கற மாடி எங்கிருந்து வந்துச்சுன்னு ஒருநாளாவது யோசிச்சியா?"

  மாடியைப் பற்றிக் கோந்து கேட்கவில்லை. கேட்டது வேறொன்று.

"ஸ்டாம்ப்பை எடுக்க ஏன் என்கிட்ட கொண்டுவந்த? வெளியில எத்தனையோ பேர் செய்வாங்களே."

அக்கா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "வேற யாரா இருந்தாலும் பேப்பர் கேட்டிருப்பாங்க. நீ கேட்க மாட்ட."

அதில் கோபமோ கேலியோ இல்லை. சமையலறை டப்பாவில் என்ன இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். அதுதான் கோந்துவை அடித்துப் போட்டது.

பிறகு அக்கா உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தான் செய்தது தப்புதான் என்றாள். ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் இருக்கிறது, போலீஸ் வந்து இழுத்துக்கொண்டு போவதைவிடத் தானே போய்ச் சொல்வது மேல் என்றாள். "ரெண்டு நாள் குடு. நானே டைரக்டர்கிட்ட சொல்றேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத." கோந்து சரி என்றாள். அழுகை வந்தது அவளுக்குத்தான். அக்கா முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

 அந்த இரண்டு நாளும் அக்கா வழக்கம்போலவே இருந்தாள். கல்லூரியில் படிக்கும் மகள் எப்போதும்போல் கீழே பெரியம்மாவோடு உட்கார்ந்து டிவி பார்த்துவிட்டு வந்தாள். அக்கா தைரியமாக இருக்கிறாளே, முடிவெடுத்துவிட்டவர்களுக்கு இப்படி ஒரு அமைதி வரும்போலிருக்கிறது என்றுகூடக் கோந்து நினைத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். ஒல்லியான மனுஷர், எதையும் மூன்று தடவை யோசித்துப் பேசுகிறவர். மேசையில் ஒரு கடிதமும் ஒரு நீள ரெஜிஸ்டரும் இருந்தன. எதிரில் அக்கா இல்லை. அக்கா சொல்லிவிட்டாள், என்னிடம் உறுதிப்படுத்திக்கொள்ளக் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்து, கோந்து தானாகவே ஆரம்பித்தாள். "சார், அவங்க பெரியவங்க, கொஞ்சம் பார்த்து…"

இயக்குநர் கையை உயர்த்தி நிறுத்தினார். கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

அக்காவின் கையெழுத்து. பழுதுபார்ப்பதற்காகக் கீழ்த்தளத்துக்கு அனுப்பிய வரைபடங்களில் பத்தொன்பது திரும்பி வரவில்லை என்பது சமீபத்தில் தன் கவனத்துக்கு வந்திருக்கிறது. அவற்றில் ஒன்று இரவல் வந்த படங்களுக்குள் இருப்பதாகச் சந்தேகிக்கிறேன். கூடப் பிறந்தவள் என்பதால் இதை எழுத மனம் ஒப்பவில்லை, ஆனாலும் என் பொறுப்பு அதைவிடப் பெரியது.

கோந்து இரண்டு தடவை படித்தாள். முதல் தடவை எழுத்துகள் தெரிந்தன, அர்த்தம் பிடிபடவில்லை.

இயக்குநர் ரெஜிஸ்டரைத் திறந்தார். ஒவ்வொரு வரியிலும் படத்தின் பெயர், தேதி, 'பெற்றுக்கொண்டேன்' என்ற கட்டத்தில் அவளுடைய கையெழுத்து. 'திரும்பப் பெற்றது' என்ற கட்டம் பத்தொன்பது வரிகளிலும் வெறுமையாக இருந்தது. வேலை முடிந்ததும் அக்காவே கீழே வந்து, நானே மேலே எழுதிக்கிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டு போவாள். போனவள் எழுதவில்லை.

அவள் அந்த வெறும் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடிதம் முந்தாநாள் எழுதியது. ஆனால் கட்டங்கள் முந்தாநாள் வெறுமையானவை அல்ல. முதல் வரி ஆறு வருஷத்துக்கு முந்தியது. மகளுக்கு அம்மை போட்டிருந்த வாரம். அன்றைக்கே, பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்த அன்றைக்கே, என்றாவது மாட்டிக்கொண்டால் யார் தலையில் போடலாம் என்று அக்கா ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு வைத்திருந்தாள்.

"நீங்க சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?" என்றார் இயக்குநர்.

இருந்தது, எல்லாமே இருந்தது. சொன்னாள். சொல்லச் சொல்ல, எந்த வார்த்தையும் நிற்கவில்லை. முத்திரையை எடுத்தது நீங்களா என்றார். ஆமாம். எழுத்து மூலமாக உத்தரவு இருக்கிறதா என்றார். இல்லை. விஷயம் தெரிந்தும் இரண்டு நாள் ஏன் சொல்லவில்லை என்றார். அதற்கு அவளிடம் இருந்த பதில் அவளுக்கே கேட்க வெட்கமாக இருந்தது. மாலைக்குள் அவளைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தி வைத்து உத்தரவு வந்துவிட்டது. பைண்டர்தான் அவளுடைய தூரிகைகளையும் தாளை மடித்து அழுத்தும் எலும்புக் கத்தியையும் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார். கேட் வரைக்கும் கூட வந்தார்.

அதைவிடப் பெரிய அடி வீட்டில் காத்திருந்தது. மகள் கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அக்கா முன்னாலேயே வந்து எல்லாவற்றையும் பக்குவமாகச் சொல்லியிருந்தாள். எப்படிச் சொன்னாளோ, மகள் முகத்தில் கோபத்தைவிட இரக்கம்தான் அதிகம் இருந்தது.

"பெரியம்மா உன்னைக் காப்பாத்தத்தான் பார்க்கறாங்க. ஒத்துக்கிட்டா சின்னதா முடிச்சிடலாம்னு சொல்றாங்கம்மா."

"நான் செய்யலடி."

"உன் கையெழுத்து இருக்கே."

கோந்து மகளை உட்கார வைத்து முதலிலிருந்து சொல்லிப் பார்த்தாள். மகள் கேட்டாள். கேட்டுவிட்டு, பெரியம்மா எதற்காக உன்மேல் பழி போட வேண்டும் என்று கேட்டாள்.  பெற்ற பிள்ளையைப் போல வளர்த்தவள் ஏன் இப்படிச் செய்வாள் என்று அவளே சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள். இரண்டு நாள் கழித்து மகள் புத்தகங்களையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு கீழே போனாள். பரீட்சை வருகிறது, இங்கே படிக்க முடியவில்லை என்றாள். அவள் பெரியம்மாவிடம் ஏதோ கேட்பதும், அக்கா பொறுமையாகப் பதில் சொல்வதும் மாடிப்படி வழியே தினமும் கோந்துவுக்குக் கேட்டன.

விசாரணை ஏழு மாதம் நடந்தது. அக்கா தினமும் வேலைக்குப் போய் வந்தாள். படியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிட்டாள். கோந்து தன் பழைய வேலைக் குறிப்பேடுகளை விசாரணைக் கமிட்டியிடம் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு தாளுக்கும் முன்னும் பின்னும் எடுத்த படம், அடியில் 'மேடம் நேரில் வாங்கிச் சென்றார்' என்ற வரி. அவை அவளே எழுதியவைதானே என்றார்கள். பைண்டர் தாமாகவே போய், அந்த அம்மா தாளை வாங்கிக்கொண்டு போனதை நாலைந்து தடவை என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னார். அவர் கோந்துவோடு வேலை செய்கிறவர் என்று குறித்துக்கொண்டார்கள்.

கடைசியில் உண்மையை வெளியே கொண்டுவந்தது அந்த அருங்காட்சியகம். திருட்டுப் பொருளை வாங்கிய பெயர் வந்துவிடுமே என்று பயந்து, அவர்கள் வியாபாரியை விடாமல் நெருக்கினார்கள். வியாபாரி தன் தலை தப்ப ஆறு வருஷக் கடிதங்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்து போட்டான். எல்லாம் அக்கா எழுதியவை. கமிட்டி அவற்றைப் படிக்கும்போது கோந்துவையும் உட்கார வைத்திருந்தார்கள். அக்கா வரவில்லை, உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

இயக்குநர் ஒன்றை எடுத்துச் சத்தமாகப் படித்தார். துறைமுக வரைபடத்தைப் பற்றியது. படத்தின் அளவு, ஆண்டு, வண்ணத்தின் நிலை எல்லாம் எழுதிவிட்டு, அக்கா இப்படி எழுதியிருந்தாள்: 'கீழ் விளிம்பில் ஒரு பழைய கிழிசல் உண்டு. கவலைப்பட வேண்டாம். ஒட்டியவர் அபூர்வமான கைக்காரர். இத்தனை வருஷத்தில் இதைவிடச் சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை.'

இருபது வருஷம் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்ததில் அக்கா இப்படி ஒரு வார்த்தை அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லாதது அக்காவின் சுபாவம் என்று நினைத்திருந்தாள். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியிருக்கிறாள், சரக்கை விற்பதற்காக.  

அன்று மாலை மகள் தலையணையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். வாசலிலேயே நின்றாள். கோந்து கதவைத் திறந்து ஒதுங்கினாள். மகள் உள்ளே போய்த் தன் கட்டிலில் தலையணையைப் போட்டுவிட்டு, வெகுநேரம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மன்னித்துவிடு என்று அவளும் சொல்லவில்லை, பரவாயில்லை என்று இவளும் சொல்லவில்லை. பரவாயில்லை என்று விட்டுவிடக்கூடிய விஷயம் அல்ல அது.

அந்த மாதமே இரண்டு பேரும் வீட்டைக் காலி செய்து, நூலகத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இரண்டு அறையில் குடியேறினார்கள்.

கோந்துவை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் முத்திரையை அழித்ததற்காகக் கண்டிப்புக் கடிதமும் கொடுத்தார்கள். அவள் அதை மறுத்து எழுதவில்லை. அது நியாயம்தான் என்று பைண்டரிடம் சொன்னாள். அவரும் ஆமாம் என்று தலையாட்டினார். பத்தொன்பதில் பன்னிரண்டு படங்கள் திரும்பி வந்தன. ஏழு எந்த நாட்டில், யார் வீட்டுச் சுவரில் இருக்கின்றனவோ தெரியவில்லை. வந்தவற்றை ஒவ்வொன்றாக அந்த நறுக்குகளோடு சேர்க்கிற வேலை அவளுக்கே வந்தது. நார்த்தாளால் மெல்லிய கீல் வைத்து, புழுத்துளை புழுத்துளையோடு பொருந்துகிறதா என்று பார்த்து ஒட்டினாள். பிளேடு போன கோடு என்ன செய்தாலும் மறையவில்லை. புத்தகத்தைத் திறக்கிற யாருக்கும் அது தெரியும். இப்போதெல்லாம் யார் தாள் கொண்டுவந்தாலும், பைண்டராக இருந்தாலும், இயக்குநராகவே இருந்தாலும், காகிதம் எங்கே என்று முதலில் கேட்டாள். கொடுத்தால் இரண்டு பக்கமும் படித்தாள். சிலர் முகம் சுளித்தார்கள்.

அக்காமேல் போட்ட வழக்கு கோர்ட்டுக்குப் போனது. கோந்து சாட்சி. முதல் நாள், தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அக்கா வக்கீலோடு வந்தாள். மெலிந்திருந்தாள். இஸ்திரி கலையாத உடுப்பு. வக்கீல் எதற்கோ உள்ளே போக, அக்கா அதே பெஞ்சில், ஓர் ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்தாள். கோந்து எதிர்ச்சுவரில் இருந்த அறிவிப்பைப் படிப்பது போல இருந்தாள். இத்தனை மாதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துவைத்த வார்த்தைகள் எல்லாம் நெஞ்சில் வரிசையாக வந்து நின்றன. ஏன் என்று கேட்க வேண்டும். முதல் நாளிலேயே எப்படி மனசு வந்தது என்று கேட்க வேண்டும்.

"சாப்பிட்டியா?" என்றாள் அக்கா.

"சாப்பிட்டேன்" என்று கோந்துவின் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அக்காவை நினைத்துக்கூட இல்லை, தன்னை நினைத்து அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றுகொண்டாள். கொஞ்ச நேரத்தில் பணியாள் கதவைத் திறந்து அவள் பெயரைக் கூப்பிட்டார், வீட்டில் யாரும் கூப்பிடாத, சான்றிதழில் இருக்கும் பெயர். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கோந்து அவளைத் தாண்டி உள்ளே போய்க் கூண்டில் ஏறி நின்று, ஆறு வருஷக் கதையையும் தேதி வாரியாகச் சொன்னாள்.